இங்கிட்டுன்னா எங்கிட்டு?

தம்பிகளா, பாரவண்டிக்குப் புதுசாக வந்திருக்கிற நீங்கள் என்னைப் பேசக் கூப்பிட்டது உங்கள் தப்பு. முப்பத்தெட்டு வருடம் லாரியும் டிரெய்லரும் ஓட்டியவனை நாற்காலியில் உட்காரவைத்து, காபியும் கொடுத்து, "அனுபவத்தைச் சொல்லுங்க" என்று கேட்டால் அவனுக்குப் பிரேக் பிடிக்காது. நான் பள்ளிக்கூடம் போனவனில்லை. நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். எங்கேயாவது எழுத்து கோணலாக இருந்தால் அந்த இடத்தில் அவள் சிரித்திருக்கிறாள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கியர் போடுவது, சங்கிலி கட்டுவது எல்லாம் உங்களுக்குச் சொல்லித்தர ஆள் இருக்கிறது. நான் சொல்லப்போவது ஒரே ஒரு வார்த்தையைப் பற்றி. அந்த வார்த்தையால் ஒரு கல்யாணம் நின்றிருக்கும். என் வேலையும் போயிருக்கும்.

பாரவண்டி ஓட்டுகிறவனின் எரிச்சல் என்னவென்று மற்ற டிரைவர்களுக்குத் தெரியாது. பாரம் எரிச்சலே இல்லை, அது பாட்டுக்கு மேலே கிடக்கும். எரிச்சல் எல்லாம் ரோட்டில்தான் நிற்கும். தாழ்ந்து தொங்கும் வயர், யாரையோ வரவேற்கக் கட்டின வளைவு, நடு ரோட்டில் காயும் நெல், அந்த நெல்லைத் தின்ன வந்து படுத்துக்கொண்ட மாடு. நாம் இறங்கி மாட்டைக் கும்பிட்டு எழுப்பிவிட்டு ஏறினால், பத்தடி தள்ளிப் போய் மறுபடியும் படுக்கும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய எரிச்சல், "இது என்னதுங்க?" என்ற கேள்வி. நான் கடைசி ஒன்பது வருடம் ஏற்றினது காற்றாலை இறக்கை. மூன்று தென்னை மரத்தைப் படுக்கப்போட்டு வரிசையாக வைத்த நீளம். அதைப் பார்த்தால் யாருக்குத்தான் கேட்கத் தோன்றாது? டீ குடிக்க நிறுத்தினால் டீ ஆறும், கேள்வி ஆறாது. ஏரோப்பிளேன் ரெக்கையா, ராக்கெட்டா, பாலத்துக்குப் போடுற உத்திரமா என்பார்கள். என்னோடு இருந்த கருப்பையா ஒருநாள் பொறுமை போய், "ஜெகதாப்பட்டினத்துல திமிங்கலம் ஒதுங்குச்சுல்ல, அதோட விலா எலும்புங்க" என்று சொல்லிவிட்டான். கேட்டவர் அசரவில்லை. எலும்பைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஒண்ணுதானா? இன்னொரு பக்கத்து எலும்பு எங்கிட்டு?" என்றார். கருப்பையா, "பின்னால வருது" என்றான். உண்மையும் அதுதான். அடுத்த இறக்கை ஒரு மணி நேரம் பின்னால் வந்துகொண்டிருந்தது. அந்த மனிதர் காத்திருந்து பார்த்துவிட்டு ஊரெல்லாம் என்ன சொன்னாரோ.

கருப்பையாவைப் பற்றிச் சொல்லவேண்டும். இத்தனை நீள வண்டியை ஒருவன் ஓட்ட முடியாது. முன்னால் இழுக்கிற வண்டி என்னுடையது. வெகுதூரம் பின்னால், இறக்கையைத் தாங்கியபடி வருகிற சக்கரங்கள் தனியாகத் திரும்பும். அதைத் திருப்புகிறவன் கருப்பையா. நேர் ரோட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து முறுக்கு தின்பான். வளைவு வந்தால் கையில் ரிமோட் பெட்டியோடு இறங்கிப் பின்சக்கரத்தோடு நடப்பான். எனக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு வாக்கிடாக்கி. எனக்கு நார்த்தாமலைப் பக்கம், அவனுக்கும் அதே பக்கம். என்னை "மாப்ள" என்பான், நான் அவனை "மச்சான்" என்பேன். முறைக்கு அப்படி ஒன்றும் சொந்தம் கிடையாது, வாய் ருசிக்குத்தான்.

ஆரம்பத்தில் நாங்களும் ஊரைப்போல ரைட், லெஃப்ட் என்றுதான் பேசினோம். நம் நாட்டில் 'ரைட்' என்றால் இரண்டு அர்த்தம். ஒன்று வலப்பக்கம், இன்னொன்று 'கிளம்பலாம் போ'. ஒரு சந்தை வாசலில் கருப்பையா "ரைட், ரைட்" என்றான். நான் கிளம்பினேன். அவன் சொன்னது வலப்பக்கம் இடிக்கிறது என்று. ஒரு பழக்கடையின் தார்ப்பாய் இறக்கை நுனியில் மாட்டிக்கொண்டு எங்களோடு புறப்பட்டுவிட்டது. கடைக்காரர் "ஏய், ஏய்" என்று துரத்திக்கொண்டு ஓடிவந்தார். எங்கள் வேகத்துக்கு அவர் நடந்தே வந்திருக்கலாம்.

அன்றைக்கே முடிவு செய்தோம். 'ரைட்' என்றால் 'போகலாம்' மட்டும்தான். பக்கம் சொல்வதற்கு எங்கள் ஊர்ப் பேச்சு இருக்கவே இருக்கிறதே. இங்கிட்டு, அங்கிட்டு. மூன்று மாதம் அந்தப் பேச்சில் ஓட்டினோம். ஒரு கீறல் விழவில்லை. எங்களுக்கு ஏக கர்வம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மெயின் ரோட்டில் பாலம் வேலை நடந்ததால் எங்களை அன்னவாசல் வழியாகத் திருப்பிவிட்டார்கள். அன்னவாசல் தாண்டி ஓர் ஊர். பேர் சொல்லமாட்டேன், அந்த ஊர்க்காரர்கள் இன்றைக்கும் என்னைப் பார்த்தால் வாயைப் பொத்திக்கொள்கிறார்கள். ஊருக்குள் நுழையும் இடத்தில் ரோடு இடப்பக்கமாக வளையும். வளைவின் இடது கைப் பக்கம் கண்மாய்க் கரை, தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. வலது கைப் பக்கம் ஓர் அரிசி மில்லின் சுவர். காலை ஒன்பது மணி.

கருப்பையா இறங்கினான். வழக்கமாக அவன் டிரைவர் பக்கமாகத்தான் நடப்பான், என் கண்ணாடியில் தெரிகிற மாதிரி. அன்றைக்குக் கண்மாய்க் கரையைப் பார்த்து அவனுக்குப் பயம். சக்கரம் கரையை ஒட்டிப் போகிறதா என்று பார்க்க எதிர்ப்பக்கம் போய்விட்டான். என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நான் வளைத்தேன். பின்சக்கரம் வலப்பக்கம் ஒதுங்கவேண்டும். வாக்கிடாக்கியில், "மச்சான், இங்கிட்டு ஒடி" என்றேன். என் இங்கிட்டு, நான் உட்கார்ந்திருந்த வலப்பக்கம். அவன் இங்கிட்டு, அவன் நின்ற இடப்பக்கம். சக்கரம் கரையை நோக்கிப் போனது. எனக்கு வண்டி இழுக்கிற இழுப்பில் ஏதோ தப்பு என்று தெரிந்தது. "இங்கிட்டுய்யா, இங்கிட்டு! இன்னும் இங்கிட்டு!" என்று கத்தினேன். அவனும் பாவம், நான் சொன்னபடியே இன்னும் இன்னும் கண்மாய்க்குள் ஒடித்தான்.

பிரேக்கை மிதித்து இறங்கி ஓடினேன். ஓடுவதற்கே நேரம் ஆகும், அவ்வளவு நீளம். போய்ப் பார்த்தால் பின்சக்கரம் கரையின் விளிம்பில் நிற்கிறது. அதற்குப் பின்னால் நீண்டிருக்கும் வால், ரோட்டுக்குக் குறுக்கே கிடந்து, அதன் நுனி மில் சுவருக்கு ஒரு சாண் தூரத்தில் நிற்கிறது. முன்னால் இழுத்தால் சக்கரம் கண்மாய்க்குள் போகும். பின்னால் தள்ளினால் நுனி சுவரில் இடிக்கும். இறக்கையில் ஒரு கீறல் என்றால்கூட அது இறக்கையில்லை, குப்பை. என் வேலையும் அதோடு குப்பை.

அந்த நேரம் பார்த்துப் பின்னால் பீப்பீ என்று ஒரு சத்தம். ஹாரன் என்று நினைத்தேன். நாதஸ்வரம். தவிலும் சேர்ந்துகொண்டது. மாப்பிள்ளை ஊர்வலம்.

மாப்பிள்ளை கார், அதற்குப் பின்னால் இரண்டு வேன் நிறைய வெள்ளை வேட்டிகள். கல்யாண மண்டபம் வளைவுக்கு அந்தப் பக்கம், கூப்பிடு தூரத்தில். முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரை. மாப்பிள்ளை துபாயில் ஏசி மெக்கானிக், லீவு நாளை எண்ணிக்கொண்டு வந்தவர். இந்தப் பத்தரையை விட்டால் அவருடைய லீவுக்குள் வேறு முகூர்த்தம் கிடையாது என்று பத்து பேர் பத்து தடவை என்னிடம் சொன்னார்கள்.

விஷயம் தெரிந்து மண்டபத்திலிருந்து பெண் வீட்டார் ஓடிவந்து மில் சுவர் ஓரமாகக் கூடிவிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் கண்மாய்க் கரைப் பக்கம். நடுவில் ரோட்டை அடைத்துக்கொண்டு என் இறக்கை. வாலுக்கு அடியில் ஆள் குனிந்து போகிற அளவுக்குத்தான் இடம்.

பெண் வீட்டார், "குனிஞ்சு வந்துருங்க" என்றார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமனுக்கு மீசை துடித்தது.

"எங்க பய குனிஞ்சு வாரதா? இன்னிக்கி ஒங்க வீட்டுக்குக் குனிஞ்சு வந்தான்னா அப்புறம் ஆயுசுக்கும் நிமிர முடியுமாய்யா?"

பெண்ணின் அத்தை ஒருத்தி. தலை நிறைய கனகாம்பரம், குரலோ மில் சங்கு. "ஒங்க மாப்பிள்ளை குனியவே வேணாங்க. அவுக ஒசரத்துக்கு நேரா நடந்து வந்தாலே முட்டாது!"

இரண்டு பக்கமும் சிரித்துவிட்டது. அதிகமாகச் சிரித்தவர் மாப்பிள்ளைதான். சிரித்த சிரிப்பில் தலைப்பாகை நழுவியது. ஆனால் தாய்மாமனுக்கு அது தீயாகிவிட்டது. "இந்தா, இந்த இடத்துலதான் நிப்போம். பாதை வந்தா வாரோம்" என்று துண்டை உதறிக் கரையில் விரித்து உட்கார்ந்தார். வெள்ளை வேட்டிகள் எல்லாம் வரிசையாக உட்கார்ந்தன. எல்லாருடைய கையிலும் போன். என் வண்டியைப் படம் எடுத்தார்கள், என்னையும் எடுத்தார்கள். நான் வேறு அன்றைக்குச் சட்டை பொத்தான் மாற்றிப் போட்டிருந்தேன்.

மணி ஒன்பதே முக்கால். மாப்பிள்ளையே எழுந்துவிட்டார். "மாமா, நான் குனிஞ்சே போயிர்றேன். அங்க துபாயில மெஷினுக்கு அடியில தெனம் படுத்துத்தான் வேலை பாக்குறேன். இது ஒரு குனிவா?" என்று தலைப்பாகையைக் கழற்றிக் கையில் எடுத்தார். தாய்மாமனும் கடிகாரத்தைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், "என்னமோ பண்ணுங்கப்பா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பெண் வீட்டார் கைதட்டினார்கள். தவில்காரர் குச்சியைத் தூக்கினார்.

அப்போதுதான் என் கண் பின்சக்கரத்துக்குப் போனது. சக்கரத்துக்கு அடியில் கரை மண் ஒரு மயிரிழை விரிசல் விட்டிருந்தது. நான் பார்க்கும்போதே ஒரு மண்கட்டி கழன்று தண்ணீரில் 'பொளக்' என்று விழுந்தது.

ஓடிப்போய் மாப்பிள்ளைக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றேன். "யாரும் போகக்கூடாது. கரை இளகுது. சக்கரம் அரையடி எறங்குனாலும் வாலு அப்படியே தலையில ஒக்காந்துரும்."

அதுவரை அங்கே இரண்டு கட்சி. அந்த நிமிடத்தில் ஒரே கட்சியாகிவிட்டார்கள். எதிர்க்கட்சி நான் ஒருவன். "வழிய அடைச்சதும் நீ, போக விடமாட்டேங்கிறதும் நீயா?" என்றார் தாய்மாமன். "கல்யாணத்த நிறுத்தத்தான் இந்த ராச்சசனத் தூக்கிக்கிட்டு வந்தியா?" என்றாள் அத்தை. இருவரும் அன்றைக்கு ஒத்துப்போன முதல் விஷயம் அது. தம்பிகளா, பொய் சொல்லமாட்டேன். விட்டுவிடலாம், இரண்டு நொடியில் கடந்துவிடுவார் என்று மனசு சொன்னது. ஆனால் அந்த 'பொளக்' காதை விட்டுப் போகவில்லை. ஒரு கல்யாணம் தள்ளிப்போனால் திட்டு வாங்கலாம், அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். மற்றது நடந்தால் எந்த வீட்டுக்குப் போவது? நகரமாட்டேன் என்று நின்றுவிட்டேன்.

அப்படியானால் வண்டியை எடுக்கவேண்டும். கருப்பையாவைப் பார்த்து எரிந்து விழுந்தேன்.

"ஏன்யா, இங்கிட்டுன்னு எத்தனவாட்டி கத்துனேன்?"

"நீ சொன்ன இங்கிட்டுத்தானய்யா ஒடிச்சேன்!"

"இங்கிட்டுன்னா எங்கிட்டு?"

"இங்கிட்டுன்னா இங்கிட்டு!"

நான் கையை மில் பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கிறேன். அவன் கண்மாய்ப் பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கிறான். இரண்டு பேரும் இரண்டு கையையும் பார்த்தோம். ஊரும் பார்த்தது. முந்நூறு பேர் ஒரே நேரத்தில் சிரித்தால் கண்மாய்த் தண்ணீர் அலை அடிக்குமா அடிக்காதா? அன்றைக்கு அடித்தது என்று கருப்பையா சத்தியம் செய்வான்.

"எனக்கு அப்பவே சந்தேகம், மாப்ள. கம்மாய்க்குள்ள போகச் சொல்றானேன்னு நெனச்சேன். பெரிய டிரைவராச்சே, காரணம் இருக்கும்னு விட்டுட்டேன்" என்றான். அந்தப் பாராட்டை இன்றுவரை நான் மறக்கவில்லை.

சரி, இனி என்ன சொல்லி ஓட்டுவது? கண்மாய்ப் பக்கம், மில் பக்கம் என்று பேசிப் பார்த்தோம். ஏறி உட்கார்ந்தால் என் கண்ணாடியில் கண்மாயும் இல்லை, மில்லும் இல்லை. வெறும் ஜனம். இடது கண்ணாடி முழுக்க வெள்ளை வேட்டி, வலது கண்ணாடி முழுக்கப் பட்டுச்சேலை. நான் தலையை வெளியே நீட்டி, "ஒண்ணுமே தெரியலய்யா, கூட்டந்தான் தெரியுது" என்று கத்தினேன்.

பட்டுச்சேலைகளுக்கு நடுவிலிருந்து ஒரு குரல். "கூட்டந்தான் தெரியுதுல்லண்ணே, அப்பக் கூட்டத்தையே சொல்ல வேண்டியதுதான? எங்காளுக நிக்கிறது பொண்ணு வீடு. அவுகாளுக நிக்கிறது மாப்பிள்ளை வீடு."

பார்த்தால் கல்யாணப் பெண். மாலையைத் தோளில் சுருட்டிப் போட்டுக்கொண்டு, சேலைக் கொசுவத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறது. மணவறையில் உட்கார்ந்து உட்கார்ந்து சலித்துப்போய் வந்துவிட்டதாம். அத்தை, "அடியே, பொண்ணு வெளிய வரலாமா" என்று வாயெடுத்தாள். "நான் உள்ள இருந்தா மட்டும் இங்க யாரு வந்தாக?" என்றது பெண்.

நான் இறங்கிவந்து இரண்டு பக்கமும் கையெடுத்துக் கும்பிட்டேன். எல்லாரும் நாலடி தள்ளி நிற்கவேண்டும். யாரும் யோசனை சொல்லக்கூடாது. வால் சுவரைத் தொடப்போனால் பொண்ணு வீட்டார் 'போதும்' என்று கத்தவேண்டும். சக்கரம் விளிம்புக்கு மறுபடி வந்தால் மாப்பிள்ளை வீட்டார் 'போதும்' என்று கத்தவேண்டும். வேறு ஒரு வார்த்தை வரக்கூடாது.

மணி பத்தைத் தாண்டிவிட்டது. வண்டியை எடுத்தேன். வாக்கிடாக்கியில் கருப்பையா, "மாப்ள, மெதுவா முன்னால வா" என்றான். அவன் குரலுக்கு வாக்கிடாக்கியே தேவையில்லை. மாப்பிள்ளை பாவம், தன்னைத்தான் கூப்பிடுகிறான் என்று ஓரடி முன்னால் வைத்தார். தாய்மாமன் பாய்ந்து அவர் இடுப்பு வேட்டியைப் பிடித்து இழுத்தார். அதற்குமேல் கருப்பையா என்னை "டிரைவரே" என்று கூப்பிட்டான். வாழ்க்கையில் அந்தக் கால் மணி நேரம்தான் எனக்கு அவனிடம் மரியாதை கிடைத்தது.

"டிரைவரே, பொண்ணு வீடு, ஒரு முழம்."

வண்டி நகர்ந்தது. "போதும்!" என்று பட்டுச்சேலைகள் கத்தின.

"மாப்பிள்ளை வீடு, அரை முழம்."

"போதும்!" என்று வேட்டிகள் கத்தின.

முதல் இரண்டு தடவை வெறும் 'போதும்'தான். மூன்றாவது தடவை தாய்மாமன், "இங்க போதும், எல்லாத்தையும் பொண்ணு வீட்டுப் பக்கமே தள்ளுங்க!" என்றார். அத்தை விடுவாளா? "சீர் செஞ்சது பத்தாதா, இதையுமா நாங்க வாங்கிக்கணும்? மாப்பிள்ளை வீட்டுக்கே அனுப்புங்க!" என்றாள். நான் ஹாரனை ஓங்கி அடித்தேன். கப்சிப். மறுபடி, பொண்ணு வீடு ஒரு சாண். மாப்பிள்ளை வீடு நாலு விரல். ஒரு தடவை சக்கரம் விளிம்பில் கொஞ்சம் வழுக்கியது. எனக்கு ஸ்டியரிங்கிலேயே தெரிந்தது. மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் ஒருவரும் கத்தவில்லை. அப்போது பெண் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது. "அண்ணே, பொண்ணு வீட்டுக்கு வாங்க. எடம் இருக்கு, தைரியமா வாங்க."

வந்தேன். சக்கரம் கெட்டி ரோட்டில் ஏறியது. வால் சுவரை விட்டு விலகி, யானை தும்பிக்கையைச் சுருட்டுகிற மாதிரி அசைந்து நேராக வந்தது. தவில் அடித்த அடியில் கண்மாய் ஓரத்துக் கொக்கெல்லாம் கிளம்பிவிட்டன. வெள்ளை வேட்டிகள் ஓடுகின்றன, பட்டுச்சேலைகள் ஓடுகின்றன, நடுவில் பெண்ணும் மாப்பிள்ளையும் மாலையைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறார்கள். தாய்மாமன் மட்டும் ஓடாமல் மார்பை நிமிர்த்தி நடந்தார். அவருக்கு முன்னால் அப்போது குனிய எதுவுமே இல்லை.

பத்தரைக்கு நாலு நிமிடம் இருக்கும்போது தாலி கட்டினார்கள். நான் பார்க்கவில்லை. வண்டியை ஊர் தாண்டி ஓரங்கட்டிவிட்டுப் படியில் உட்கார்ந்திருந்தேன். அத்தையே இரண்டு இலைச் சாப்பாட்டைத் தூக்குவாளியில் கொண்டுவந்தாள். "திட்டுனத மனசுல வச்சுக்காதீக" என்றாள். கருப்பையா, "இல்லங்க, பாயசத்துக்கு மேல ஒண்ணும் மனசுல நிக்காது" என்றான்.

அன்றிலிருந்து எங்கள் வண்டியில் வலப்பக்கம் பொண்ணு வீடு, இடப்பக்கம் மாப்பிள்ளை வீடு. எந்தப் பக்கம் நின்றாலும், எந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாலும் அது மாறாது. எங்களைப் பார்த்து அடுத்த வண்டிக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். உங்களுக்கு நான் சொல்ல விரும்புவதும் இவ்வளவுதான். என்ன வார்த்தை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கிளம்புவதற்கு முன் இரண்டு பேரும் இறங்கி நின்று, அந்த வார்த்தையைச் சொல்லி ஆளுக்கொரு கையை நீட்டிப் பாருங்கள். கை இரண்டும் ஒரே பக்கம் நீண்டால்தான் வண்டியில் ஏறவேண்டும்.

போன மாதம் ஷெட் பக்கம் போயிருந்தேன். ஒரு புது டிரெய்லர் வெளியே வந்துகொண்டிருந்தது. பின்னால் ரிமோட்டோடு ஒரு பீகார்ப் பையன். தமிழ் நாலு வார்த்தை தெரிந்தால் அதிகம். அவன் தொண்டை கிழியக் கத்துகிறான். "பொண்ணு வீடு! பொண்ணு வீடு! மாப்ளே வீடு தோடா! போதும், போதும்!" 'தோடா' என்றால் அவன் பாஷையில் 'கொஞ்சம்'.

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பக்கத்தில் போய், "பொண்ணு வீடுன்னா என்ன தம்பி?" என்று கேட்டேன்.

அவன் என்னை, வேலைக்குப் புதுசாகச் சேர்ந்த கிழவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். அவன் பாஷையில் என்னைச் சித்தப்பா என்று கூப்பிட்டு, பொறுமையாக வலது கையைத் தூக்கிக் காட்டினான். "ரைட் சைடு, சாச்சா. கம்பெனி வார்த்தை."

அவன் கையைப் பார்த்தேன், என் கையையும் நீட்டிப் பார்த்தேன். இரண்டும் ஒரே பக்கம்.

"ரைட்டு" என்றேன்.

வண்டி கிளம்பிவிட்டது.